நிகழ்ச்சியோட கடைசியில நீங்க போடுற அந்தக் கணக்கு பத்தி ஒரு திறந்த மடல்

பிரிட்டன் டிவியில பழைய வீட்டை வாங்கி, புதுப்பிச்சு விக்கிற நிகழ்ச்சிகளை எடுக்குற தயாரிப்பாளர்களுக்கும் அதை ஒளிபரப்புற சேனல்களுக்கும்,

வணக்கம். உங்க நிகழ்ச்சிகளை இருபது வருஷமா விடாம பாக்குறவன் நான். எங்க வீட்ல சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து எல்லாரும் சேர்ந்து பாக்குறது அதுதான், அந்தப் பாசத்துலதான் எழுதுறேன்.

நிகழ்ச்சி முடியுற நேரத்துல ஸ்கிரீன்ல ஒரு கணக்கு வரும். வாங்கின விலை இவ்ளோ, வேலைக்கு ஆனது இவ்ளோ, இப்போ மதிப்பு இவ்ளோ, கழிச்சா லாபம் இவ்ளோ. நிறைய தடவை அந்த மதிப்பு யாரும் எண்ணிக் கொடுத்த காசு கூட இல்ல, ஒரு ஏஜென்ட் வீட்டை சுத்திப் பாத்துட்டு வாயால சொன்ன தொகைதான். அந்த நாலு வரிக் கணக்கை நம்பித்தான் நானும் என் மனைவியோட தம்பியும் 2022 பிப்ரவரியில ஏலத்துல ஒரு டெரஸ் வீடு (வரிசையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டின வீடுகள்ல ஒண்ணு) எடுத்தோம், 1,20,000 பவுண்டுக்கு.

சுத்தியல் விழுந்தா முடிஞ்சுது, 10 சதவீதம் அன்னைக்கே கட்டணும், மீதியை 28 நாளுக்குள்ள கட்டணும். அந்த வீட்ல கிச்சனும் இல்ல சூடுதண்ணியும் இல்ல, குடியிருக்க முடியாத வீட்டுக்கு சாதாரண மார்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், கொடுக்க மாட்டாங்க, அதனால பிரிட்ஜிங் லோன், கொஞ்ச மாசத்துக்கு மட்டும் கொடுக்குற வட்டி அதிகமான கடன். அதுல வட்டியை வருஷத்துக்குச் சொல்ல மாட்டாங்க, மாசத்துக்குத்தான் சொல்வாங்க. 0.9 சதவீதம்னாங்க, கேக்க சின்னதாத்தான் இருந்துச்சு. 84,000 பவுண்டுக்கு மாசம் 756 பவுண்ட்.

முன் ரூம் சீலிங்ல சுழி சுழியா ஒரு பூச்சு இருந்துச்சு, இங்க ஆர்டெக்ஸ்னு சொல்வாங்க. மச்சான் மூக்குல கர்ச்சீப்பைக் கட்டிட்டு ஏணியில ஏறி சுரண்ட ஆரம்பிச்சான், ஒரு கை அகலம் கூட சுரண்டியிருக்க மாட்டான், உள்ள வந்த பிளம்பர் பாத்துட்டு நிறுத்து நிறுத்துன்னு கத்திட்டார். பழைய ஆர்டெக்ஸ்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாமாம், தூசியா மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்குற நார் அது, இந்த நாட்டுல அதை முழுசா தடை பண்ணினதே 1999லதான். ஒரு துண்டை லேபுக்கு அனுப்பி, இருக்குன்னு ரிசல்ட் வந்து, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வந்து எடுத்துட்டுப் போக மூணு வாரம். அதுக்குள்ள நாங்க சொல்லி வச்சிருந்த பிளாஸ்டரர் வேற வேலைக்குப் போயிட்டார், திரும்பி வர இன்னும் அஞ்சு வாரம். பிளாஸ்டர் ஆகி அது காயாம பெயின்ட் அடிக்க முடியாது, கிச்சன் மாட்ட முடியாது. ஆக எட்டு வாரம் அந்த வீட்ல ஒரு ஆணி கூட அடிக்கல, வட்டி மட்டும் ஓடிட்டே இருந்துச்சு. உங்க நிகழ்ச்சியில இந்த எட்டு வாரம் ஒரு பாட்டுல முடிஞ்சுடும். சுவர் இடிக்கிறதைக் காட்டுவீங்க, அடுத்த ஷாட்ல புது டைல்ஸ்.

செப்டம்பர்ல விலைக்குப் போட்டோம், ஒரு தம்பதி வந்து பாத்துட்டு ஓகேன்னு சொல்லிட்டாங்க, நாங்களும் தப்பிச்சோம்னு நினைச்சோம். அந்த மாசக் கடைசியில அரசாங்கம் பெரிய வரிக் குறைப்பை அறிவிச்ச மினி பட்ஜெட் வந்துச்சு, வட்டி எகிற, பேங்குகள் மார்ட்கேஜ் திட்டங்களை வாபஸ் வாங்க ஆரம்பிச்சாங்க, அந்தத் தம்பதி விலகிட்டாங்க. அவங்களைக் குறை சொல்லவே முடியாது. நாங்க ஏலம் எடுத்தப்போ பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி 0.5 சதவீதம், 2023 பிப்ரவரியில ஒரு வழியா வித்து முடிச்சப்போ 4 சதவீதம்.

வித்தது 1,72,000. வேலைக்கு ஆனது 41,000. உங்க கணக்குப்படி எங்களுக்கு 11,000 பவுண்ட் லாபம்.

இப்போ நீங்க காட்டாததை நான் சொல்றேன். ரெண்டாவது வீடுங்கறதால ஸ்டாம்ப் டியூட்டி 3,600, லோன் வட்டியும் கட்டணமும் சேர்த்து 10,000, வாங்கவும் விக்கவும் சொலிசிட்டருக்கு (வக்கீலுக்கு) 2,700, ஏலக் கம்பெனிக்கு 1,200, விக்கிற ஏஜென்ட்டுக்கு வாட் வரியோட 3,100, அப்புறம் காலி வீட்டு இன்சூரன்ஸ், கவுன்சில் டாக்ஸ் (இங்க உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி), கரன்ட் எல்லாம் 2,400. மொத்தம் 23,000. லாபம் இல்ல, 12,000 பவுண்ட் நஷ்டம். ஒரு வருஷத்து சனி ஞாயிறு எல்லாம் அங்கேயே போச்சு, அதுக்கு நாங்க விலையே போடல. ரெண்டாவது வீட்டுக்கான அந்தக் கூடுதல் ஸ்டாம்ப் டியூட்டி அப்போ 3 சதவீதம், 2024 அக்டோபர் கடைசியில இருந்து 5 சதவீதம், அதே வீட்டை இன்னைக்கு வாங்கினா அது மட்டுமே 6,000. மச்சான் போட்டது அவன் சொந்த வீட்டுக்கு டெபாசிட்டுன்னு ஆறு வருஷமா சேர்த்தது. இன்னும் வாடகையிலதான் இருக்கான்.

பழசையும் கொஞ்சம் சொல்லணும். சேனல் 4ல 2001ல ப்ராப்பர்ட்டி லேடர்ங்கற நிகழ்ச்சி வந்தப்போ அதை நடத்தின சாரா பீனி ஒவ்வொரு வீட்லயும் நின்னு, உங்க ரசனைக்கு செய்யாதீங்க, வாங்கப் போறவங்களுக்கு செய்யுங்க, பட்ஜெட்டைத் தாண்டாதீங்கன்னு சொல்லிட்டே இருப்பாங்க, பாதிப் பேர் கேக்கவே மாட்டாங்க, கேக்காதவங்கள்லயும் நிறைய பேர் லாபத்தோடதான் போனாங்க. காரணம் அவங்க திறமை இல்ல, 2001லேர்ந்து 2007க்குள்ள இந்த நாட்டு வீட்டு விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு, வீட்டைப் பூட்டி வச்சிருந்தாலே லாபம்தான். 2008ல, வீட்டுக் கடன் கொடுக்குற நேஷன்வைட் கணக்குப்படி ஒரே வருஷத்துல விலை சுமார் 16 சதவீதம் விழுந்துச்சு. அடுத்த வருஷம் அந்த நிகழ்ச்சி பேரையே மாத்திட்டு வந்துச்சு, ப்ராப்பர்ட்டி ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்னு, அதாவது நம்ம பரமபதம். பாம்பும் இருக்குன்னு டைட்டில்லயே சொன்ன அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. இப்போ வர்றதுல அது குறைஞ்சு போச்சு.

நஷ்டப்பட்டவங்களை அழ வச்சுக் காட்டுங்கன்னு நான் கேக்கல. அவங்களைக் கேலி பண்ற மாதிரி எடிட் பண்றதும் வேண்டாம், கேமரா முன்னாடி தன் சேமிப்பைப் போட்டவங்க அவங்க. நான் கேக்குறது அந்த நாலு வரிக் கணக்கை முழுசாப் போடுங்கன்னுதான். வட்டி, வரி, கட்டணம், எத்தனை மாசம் ஆச்சு, எல்லாம் ஸ்கிரீன்ல வரட்டும். ஏஜென்ட் சொன்ன மதிப்பை லாபம்னு எழுதாதீங்க, மதிப்புன்னு மட்டும் எழுதுங்க. முடிஞ்சா ஒரு வருஷம் கழிச்சு திரும்பப் போயி, வீடு வித்துச்சா, எவ்ளோவுக்கு வித்துச்சுன்னு சொல்லுங்க, அதுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

மச்சான் எல்லா பில்லையும் ஒரு நீல ஃபைல்ல போட்டு வச்சிருக்கான், லேப் ரிசல்ட்லேர்ந்து ஸ்கிப் (இடிச்ச குப்பை போடுற பெரிய தொட்டி) வாடகை வரைக்கும். உங்களுக்குப் பயன்படும்னா கேமராவோட வாங்க, ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுறோம்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் பார்வையாளன்