செயலாளர் ஆண்டறிக்கை 2025: தோட்டத்து ஆளுங்க கடை போட்ட கதை

தலைவர், செயலவை, வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்து மினிட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு, யாரும் திருத்தம் சொல்லல, அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

பினாங்கு மாநிலத்துல நம்ம நிபோங் திபால்ல டூரிசம்னா என்னா இருக்குன்னு கேட்டவங்க நம்ம கமிட்டியிலயே இருந்தாங்க. சுங்கை கிரியான்ல ராத்திரி மின்மினி பாக்க படகு போகுது, பிளாக் தோர்ன் டுரியான் நம்ம வட்டாரத்து மரம்தான், 2015-ல டி200-ங்கிற ரக நம்பர்ல பதிஞ்சாங்க, சீசன்ல கார் கார்ரா வராங்க, ஆனா பக்கத்துல செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுற நம்மாளுக்கு அதுல பத்து காசு கெடையாது. இந்த வருஷம் பூரா அதுக்குத்தான் அலைஞ்சோம்.

முதல்ல ஆரம்பிச்சது நம்ம அக்கா ஒருத்தவங்க, 30 வருஷம் பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டினவங்க. வீட்டுக்குப் பின்னால மிச்சம் இருக்கிற மரத்துல டூரிஸ்ட்டுங்களுக்கு வெட்டிக் காட்டிட்டு, அப்புறம் தோசை சட்னியோட பசியாறக் குடுக்கிறது. வெயில் ஏறிட்டா பால் கொறஞ்சிடும், ஏழு மணிக்குள்ள வரணும்னா எவன் வருவான்னு நெனச்சேன், ஆறரைக்கே வந்து நிக்கிறாங்க, அக்கா தோட்டத்துப் பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிறது) நிறுத்துற மாதிரி வரிசையா நிறுத்தி பேர் கூப்பிட்டாங்க, அது நாங்க சொல்லிக் குடுக்காதது. பட்டைய மெல்லிசா சீவினதும் கோட்டுல பால் எறங்கி மங்குல (பால் பிடிக்கிற கிண்ணம்) சொட்டுச்சு, கோலாலம்பூர் பிள்ளைங்க கைப்போனைக் கீழ வச்சிட்டுப் பாத்துச்சுங்க.

பிரச்சனை காசுலதான். எவ்ளோன்னு கேட்டா "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட என்னா காசு"ன்னு தோசைய பொட்டலம் கட்டி வேற குடுத்தனுப்புவாங்க. மூணு வாரம் இதே கதை. தோட்டத்துல சம்பளம் தொரை போட்டதுதானே, நம்ம வேலைக்கு நாமளே வெல சொல்லி பழக்கமில்ல. கடைசியில மக ஒரு அட்டையில தலைக்கு 15 வெள்ளி (ரிங்கிட்)ன்னு எழுதி வாசல்ல மாட்டிடுச்சு, அக்கா இன்னும் அந்த அட்டையப் பாக்காமதான் உள்ள போறாங்க.

பேப்பர் வேலை பரவால்ல. வியாபாரம் பதியிற எஸ்எஸ்எம் ஆபீஸ்ல பதிவு சொந்தப் பேர்ல வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பேர் வச்சா 60. சாப்பாடு விக்கிறவங்க டைபாய்டு ஊசி போடணும், சாப்பாட்ட சுத்தமா கையாளுற கோர்ஸ் போகணும். ஊசின்னதும் ஓடினது ஆம்பளைங்க, பேர் சொல்லல.

ஒரு டூர் ஏஜெண்ட் 40 பேருக்கு சமைக்கச் சொல்லிட்டு பஸ்ஸும் வரல போனும் எடுக்கல, அன்னைக்கு கோழிக்கறிய நாமளே காசு குடுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம். இனிமே பாதி முன்பணம் கைக்கு வராம அடுப்பு பத்த வைக்கிறதில்லன்னு தீர்மானம்.

2026 மலேசியா வருகை ஆண்டு, அதுக்குள்ள அக்கா வீட்டு டாய்லெட் கதவையாவது மாத்தணும், யாராச்சும் தச்சர் இருந்தா சொல்லுங்க. கணக்கு பொருளாளர் வாசிப்பார். 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாகணும், அதனால வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டு பசியாறப் போங்க.