கரண்ட் போனால் அடுப்புப் புகை எங்கே போகும்?

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். பனிப்புயலில் கரண்ட் போனால் வீட்டைச் சூடாக்கும் அந்த பெல்லட் அடுப்பை என்ன செய்வீர்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். குளிர்காலம் வந்தாலே நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெல்லட் என்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னத் துண்டு, பென்சில் தடிமன் இருக்கும். தொட்டியில் கொட்டிவிட்டால் மோட்டாரில் சுற்றும் திருகு ஒன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் கிண்ணத்தில் போடும், ஒரு விசிறி புகையைக் குழாய் வழியே வெளியே தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். மூன்றுக்குமே கரண்ட் வேண்டும். விறகடுப்பின் புகை உயரமான புகைபோக்கியில் தானாக ஏறிப் போய்விடும். இதற்கு 3 அல்லது 4 அங்குலக் குழாய்தான், பல வீடுகளில் அதையும் சுவரைத் துளைத்துப் படுக்கைவாட்டில் வெளியே விட்டிருப்பார்கள், அதனால் விசிறி நின்றால் புகையை இழுக்க ஒன்றும் இல்லை. கிண்ணத்தில் மிச்சமிருப்பது காற்று போதாமல் கனன்றுகொண்டே இருக்கும், புகை கதவு இடுக்கு, குழாய் இணைப்பு என்று கிடைத்த வழியில் வீட்டுக்குள் வரும். கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அதனால்தான் அடுப்பைப் பொருத்தும்போதே குழாய் விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் குழாய் அடுப்பிலிருந்து சில அடி செங்குத்தாக ஏறி, அப்புறம்தான் சுவரைத் தாண்டுகிறது. விசிறி நின்றாலும் குழாயில் இருக்கிற சூடே மிச்சப் புகையை மேலே இழுக்கும். பொருத்த வந்தவர் நேராகச் சுவர் வழியே விட்டால் செலவு குறையும் என்றார், அதுவும் விதிப்படி சரியானதுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரி பேட்டரியோடு இன்வெர்ட்டரும் இருக்கிறது. சுத்தமான சைன் அலை, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான கரண்ட், தருகிற வகையாகப் பார்த்து வாங்கினோம், மற்ற வகைகளில் அடுப்பின் கன்ட்ரோல் போர்டு கெட வாய்ப்பு உண்டு. பற்றவைக்கும்போதுதான் கரண்ட் அதிகம் இழுக்கும், 300 வாட்டுக்கும் மேலே போகும், எரியத் தொடங்கிவிட்டால் ரொம்பக் குறைவு. இருந்தாலும் ராத்திரி முழுக்க அதை நம்பி அடுப்பை ஓட்டுவதில்லை. கரண்ட் போனதும் அடுப்பை அணைக்கும் பட்டனை அழுத்திவிடுவோம், உள்ளே இருப்பது எரிந்து முடிந்து, புகை வெளியேறி, அடுப்பு ஆறும் வரை விசிறி ஓடினால் போதும். அப்புறம் கம்பளிதான்.

அடுப்பு ஆறும் வரை அதன் கதவைத் திறக்கவே மாட்டோம், திறந்தால் புகை மொத்தமும் அறைக்குள் வந்துவிடும். குழாய் வாயைப் பனி மூடாமல் வெளியே போய்த் தள்ளிவிடுவது உங்கள் மாப்பிள்ளையின் வேலை. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், அதை வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளித்தான் ஓட்ட வேண்டும், அதன் புகையிலும் அதே விஷம்தான்.

படுக்கையறைக்கு வெளியே பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். அது கத்தினால் எதையும் எடுக்க நிற்காமல் எல்லாரும் வெளியே போய்விட வேண்டும், அங்கிருந்துதான் போன் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். அம்மா பயப்பட்டால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்