‘வலுவிழந்தது’ என்ற சொல்லைப் பற்றி ஒரு திறந்த மடல்

புயல் எச்சரிக்கை எழுதும் வானிலை அதிகாரிகளுக்கும், அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் பேரிடர் மேலாண்மை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களான எங்களுக்கு ஒரு வாக்கியத்தின் மேல் பயம் வந்துவிடுகிறது. “புயல் கரையைக் கடந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்தது.” கடலோரத்தில் இருப்பவர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைகளின் அடிவாரத்தில், ஏரிக்கரைக்குக் கீழே குடியிருப்பவர் அப்போதுதான் விழித்திருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊருக்கு வந்து சேரும் செய்தியில் அது இருப்பதில்லை.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் வலுவிழந்தது. வலுவிழந்த அந்த நாளில்தான், டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரை பேருந்து நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது.

50 செ.மீ. என்றால் என்ன? ஒரு ஏக்கர் நிலத்தில் விழும் தண்ணீர் மட்டும் சுமார் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏறக்குறைய 169 நடை. நீர்ப்பிடிப்பில் உள்ள ஒவ்வொரு ஏக்கரிலும் இவ்வளவு விழுந்து, சரிவில் ஓடி, ஒரே ஏரியில் வந்து முட்டுகிறது. ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வந்தால் எந்த மதகு தாங்கும், ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் எந்தக் கோடி தாங்கும்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புயல் கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்ற எச்சரிக்கையை, காற்றின் பெயரால் தராமல் மழையின் அளவால், வட்டம் வாரியாக, தமிழில், கரை கடப்பதற்கு முன்பே தாருங்கள்.

ஏன் இதை அழுத்திக் கேட்கிறோம் என்றால், நீங்கள் வைத்திருக்கும் படிநிலை முழுவதும் காற்றைக் கொண்டு அளந்தது. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-இல் புயல் என்று பெயர் வைக்கிறீர்கள். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், 167-இல் அதிதீவிரப் புயல், 222-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். படகுக்கும் கூரைக்கும் மின்கம்பத்துக்கும் இந்தக் கணக்கு சரி. இதில் எந்தப் படியிலும் மழை இல்லை. 62-இலிருந்து 55-க்கு இறங்கிய காற்று, சுமந்து வரும் ஈரத்தை அதே அளவுக்கு இறக்கி வைத்துவிடுவதில்லை.

பள்ளிக்கூடப் பாடமும் இந்த அசட்டைக்கு ஒரு காரணம். புயல் இரண்டு வகை என்று படிக்கிறோம். குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதும் எல்லையில் பிறப்பது மிதவெப்ப மண்டலச் சூறாவளி; நிலத்தின் மேலும் அது வாழும். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வட இந்தியாவுக்கு வந்து மழை தரும் மேற்கத்திய இடையூறு அந்த இனம். நம்முடைய வங்கக் கடல் புயல் வேறு. அதற்குத் தீனி கடலின் சூடு. மேற்பரப்பு மட்டுமல்லாமல் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீர் வேண்டும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து காற்று பாய்கிறது. பூமியின் சுழற்சி அந்தப் பாய்ச்சலைத் திருப்பிச் சுழல வைக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தத் திருப்பம் மிகக் குறைவு என்பதால் அங்கே பெரும்பாலும் புயல் உருவாவதில்லை. கீழ்க்காற்றும் மேல்காற்றும் வெவ்வேறு வேகத்தில் அடித்தால் சுழல் சாய்ந்து சிதைந்துவிடும்.

ஆகவே நிலம் ஏறினால் தீனி இல்லாமல் புயல் செத்துவிடும் என்று பாடம் முடிகிறது. பாதிதான் உண்மை. நிலத்தின் உராய்வு காற்றை மட்டுப்படுத்தும். ஆனால் சுழலின் கிழக்குக் கை வங்கக் கடலின் மேலே நீண்டிருந்தால் ஈரம் வந்துகொண்டே இருக்கும். தள்ளிக்கொண்டு போகும் மேல்காற்று பலவீனமாகிவிட்டால் சுழல் நகராது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே மணிக்கணக்கில் நகராமல் நின்றது அப்படித்தான். அந்த ஈரக்காற்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஏறும்போது மேகம் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

உங்கள் நடைமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. புயல் முன்னெச்சரிக்கையின் நான்காவது கட்டம், கரை கடந்த பின்னான நிலவரம், கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு உள்மாவட்டங்களுக்காகவே வெளியிடப்பட வேண்டியது. அது ஆட்சியர் அலுவலகம் வரை வருகிறது. மதகு திறப்பவரிடம் வருகிறதா? கேழ்வரகைக் களத்தில் போட்டிருக்கும் குடும்பத்திடம் வருகிறதா? தொலைக்காட்சியில் புயல் எங்கே கரை கடக்கும் என்று மூன்று நாள் பேசுகிறார்கள். கடந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. எங்களுக்கு மழை அப்போதுதான் தொடங்குகிறது. கடலோரத்துக்கு ஒரு எச்சரிக்கை, எங்களுக்கு மறுநாள் நிவாரணக் கணக்கெடுப்பு என்று எத்தனை காலம் ஓட்டுவது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் வரைபடத்தின் முன்னால் உட்காரும் உங்கள் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தில் 20.5 செ.மீ.க்கு மேல் எவ்வளவு பெய்தாலும் ‘அதிகனமழை’ என்ற ஒரே பெயர்தான். 21-க்கும் 50-க்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு நிறம். 21 செ.மீ.யில் ஏரி கோடி போகும். 50 செ.மீ.யில் கரையே போகும். அந்த வேறுபாடு எண்ணாக எங்களுக்கு வந்தாக வேண்டும். காலை 8.30-க்கு எடுக்கும் மொத்தக் கணக்கு நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். தானியங்கி மழைமானி இருக்கும் இடங்களில் மணிக்கொரு அளவை அந்தந்த ஏரியின் பொறுப்பாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இரவு பத்து மணிக்கே மதகைத் திறக்கலாம், தாழ்வான தெருவைக் காலி செய்யலாம், வண்டிகளை மேட்டில் ஏற்றலாம்.

அடுத்த புயல் கரை ஏறும் முன் அந்த நான்காவது கட்ட அறிவிப்பை, ஊத்தங்கரை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, போச்சம்பள்ளி என்று பெயர் சொல்லி, இத்தனை சென்டிமீட்டர் வரை எதிர்பார்க்கிறோம் என்று தமிழில் வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்குக் கீழே வீடும் வயலும் உள்ளவர்கள்,
ஊத்தங்கரை – அரூர் வட்டாரம்