மேட்டூரில் படகு விடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடிப்பெருக்கு நெருங்கும்போதெல்லாம் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு விட வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. நியாயமான கோரிக்கைதான். சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வந்து, முனியப்பனைக் கும்பிட்டு, பூங்காவில் உட்கார்ந்து மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். 93.47 டிஎம்சி கொள்ளும் ஏரியை மேலிருந்து பார்ப்பதோடு சரி. ஆனால் ஏற்காடு ஏரியின் படகுத்துறையை அப்படியே பெயர்த்து இங்கே வைத்தால், ஒரு பருவத்தில் அது சேற்றில் நிற்கும், அடுத்த பருவத்தில் நீருக்குள் கிடக்கும்.

எல்லாம் நீர்மட்டத்தால் வருவது. ஏற்காடு ஏரி ஏறி இறங்கினாலும் சில அடிகள்தான். மேட்டூரோ பாசனத்துக்காகக் கட்டிய அணை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த மட்டம், அதே மாதம் 30ஆம் தேதி முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. கரை பத்தடிக்கு ஓரடி வீதம் சரிகிறது என்று வைத்துக்கொண்டால், 80 அடி ஏற்றத்துக்கு நீர் விளிம்பு 800 அடி நகரும். இதற்குக் கான்கிரீட் படித்துறை எதற்கு உதவும்?

வேண்டியது மிதக்கும் துறை. பிளாஸ்டிக் மிதவைக் கட்டிகளைக் கோத்துச் செய்வது. டிராக்டரில் கட்டி இழுத்து இடம் மாற்றக்கூடிய நீளத்தில் இருந்தால் போதும். கரையில் 120, 100, 80 அடி மட்டங்களுக்கு ஏற்ப மூன்று இடங்களில் நங்கூரக் கம்பங்களும், அவற்றுக்குச் சரளை போட்ட இறங்குபாதையும் வேண்டும். பாதை இல்லாவிட்டால் ஆட்கள் வண்டலில் நடப்பார்கள். அந்த வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களி. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இன்னொன்று, சங்கிலி. மட்டம் 90 அடியில் இருக்கும்போது இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால், தண்ணீர் ஏறும்போது மிதவையின் ஒரு மூலை உள்ளே இழுபடும், மறுமூலை தூக்கிக்கொள்ளும். தளர்த்தி விட்டாலோ காற்று அதைப் பாறையில் கொண்டுபோய் மோதும். காலையில் அறிவிக்கும் மட்டத்தைப் பார்த்துச் சங்கிலியைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆள் தினமும் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு இந்தச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்காது.

இடம் என்று பார்த்தால் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள பண்ணவாடி பொருத்தமானது. அங்கிருந்து எதிர்க்கரை நாகமரைக்கு மக்கள் பரிசலிலும் படகிலும் கடக்கிறார்கள். அணையை ஒட்டியும், உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகு பக்கமும் படகுக்கு அனுமதியே கூடாது; குறுக்கே மிதவைக் கயிறு கட்டித் தடுக்க வேண்டும்.

பண்ணவாடியில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மட்டம் வெகுவாக இறங்கும்போது மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும், கூட்டம் போய்ப் பார்க்கும். அவை முழுதாகத் தெரியும்போது பயமில்லை. ஓரடி, இரண்டடி நீருக்கடியில் மறைந்திருக்கும் நாட்களில்தான் படகின் அடிப்பாகம் கிழியும். பழைய சுவர்கள், மேட்டுப் பாறைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வறட்சியில் கண்ணுக்குத் தெரியும்போதே ஒவ்வொன்றின் மேலும் நீளக் கயிற்றில் சிவப்பு மிதவை கட்டி விட வேண்டும். நிரம்பிய பிறகு தேடினால் கிடைக்காது.

வலை அடுத்தது. மீனவர்கள் மாலையில் போட்டு விடியலில் எடுக்கிறார்கள். நைலான் வலை சுழலியில் சுற்றினால் இயந்திரம் நின்றுவிடும், வலையும் போச்சு. படகு நேரம் காலை 9 மணிக்குப் பிறகு, மாலை 4 மணிக்குள் இருந்தால் இந்தச் சண்டை வராது. ஓட்டுநர் வேலையை அவர்களுக்கே கொடுத்தால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் என்ன ஆழம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுகிறார்கள். இங்கு அந்த விதி மட்டும் போதாது. அகன்ற தேக்கத்தில் வெள்ளத்தைவிடக் காற்றுதான் எதிரி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவது; பண்ணவாடியிலிருந்து போகும்போது தள்ளிக்கொண்டு போகும், சுகமாக இருக்கும். திரும்பும்போது எதிர்க்காற்று, எதிரலை. துடுப்புப் பரிசல் நடு ஏரியில் சுழன்றுகொண்டே நிற்கும். ஆனி, ஆடியில் பரிசலை மதியத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஏறுபவர்கள் பரிசலோட்டி நீங்கலாக நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

உயிர்காப்பு உடை இருக்கிறது என்றால் போதாது. பரிசலில் அதை மெத்தையாகப் போட்டு உட்காருவதுதான் நம் வழக்கம். நுரை நசுங்கி மிதப்புத்திறன் போய்விடும். மாதம் ஒருமுறை மாட்டிக்கொண்டு நீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். முகவாய் நீருக்கு மேல் நின்றால் சரி, இல்லையென்றால் கழித்துவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தொடை இடுக்குப் பட்டை உள்ளதே வேண்டும். பெரியவர் உடையை மாட்டினால் உடை மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும்.

சேலம் மாநகரம் குடிப்பதும் இந்தத் தண்ணீர்தான். எரிபொருளோடு எண்ணெயும் கலந்து ஓடும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் எரியாத எண்ணெயை நீரில் விடும். பேட்டரி மோட்டார் அல்லது மிதி படகே போதும்.

சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து, மட்டம் 80 அடிக்கு மேல் இருக்கும் காலத்துக்கு மட்டும் என்று சோதனை முறையில் ஆரம்பிக்கலாம். அன்றைய மட்டம், காற்று நிலை, படகு உண்டா இல்லையா என்ற மூன்றையும் பண்ணவாடித் துறையிலும், வண்டிகள் திரும்பும் கொளத்தூர் சாலையிலும் காலை 8.30 மணிக்குள் பலகையில் எழுதிவிட்டால், இல்லாத நாளில் குடும்பத்தோடு வந்து ஏமாறுகிறவர்கள், ஏமாந்த கோபத்தில் கண்ட இடத்தில் குளிக்க இறங்குகிறவர்கள் குறைவார்கள்.

இப்படிக்கு,
மேட்டூர் வட்டார வாசகர்கள்,
சேலம் மாவட்டம்.