பெரட்டுக்கு எங்க நிப்பீங்க?

அன்புள்ள பாப்பா,

தோட்டத்துப் பழைய நினைவுகளைப் பதிய கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டமும், பிறகு 'எதிர்காலம்' என்று இன்னொன்றும் வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் அழைப்பில் நம்ம ஊர் பெயரில் 'சுங்கை சிப்புட் வரலாறு' என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அந்தச் சொல்லைப் பார்த்தால் மைக் பிடித்துப் பழகியவர்கள்தான் வருவார்கள். 1948 ஜூன் 16-ல் எல்பில் ரப்பர் தோட்டத்துத் துரை சுடப்பட்டது, அதையொட்டி மலாயாவில் வந்த அவசரகாலம், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யார் எங்கே குடியிருந்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு மேசைக்கு ஒரு தோட்டம், ஆறு பேருக்கு மேல் வேண்டாம். நடுவில் பெரிய தாள் விரித்து ஆறு, ரோடு, ரயில் பாதை மட்டும் பென்சிலில் போட்டு வை. முதல் கேள்வி, "பெரட்டுக்கு எங்க நிப்பீங்க?" காலையில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்க வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கேட்டதும் விரல் தாளில் இறங்கிவிடும். பெரட்டுக்களம் அமைந்துவிட்டால் ரப்பர் பால் ஸ்டோர், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, குழாயடி, கள்ளுக்கடை எல்லாம் தானாக வந்து உட்காரும். வருஷம் கேட்காதே, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாலா, மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்குப் பிறகா, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களிடம் வேலை பெர்மிட் கேட்ட பிறகா, பால்மரம் வெட்டிச் செம்பனை நட்ட பிறகா என்று கேள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் எந்த வீடு என்பதைப் பொதுவில் கேட்காதே, தனியாகக் கேள். பெண்களுக்குத் தனி மேசை போடு. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் பாதி பதிலை அவரே சொல்லிவிடுவார்.

பதிவு செய்யும் போனைக் காற்றாடிக்குக் கீழே வைக்காதே. மடித்த துண்டின் மேல், பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கட்டும்.

பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தை யாரும் பிய்க்க வேண்டாம், முகம் தாளோடு போய்விடும். பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் பக்கத்தோடு படம் எடு. பெயர்களை இடமிருந்து வலமாகத் தனித்தாளில் பென்சிலால் எழுது. பின்புறம் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

'எதிர்காலம்' என்று தனிக் கூட்டம் எதற்கு? தோட்டம் வரைந்த அதே பெரிய தாளில் கோயில், தமிழ்ப்பள்ளி, சுடுகாடு மூன்றையும் சிவப்பில் வட்டமிடு. இனி பேச்சு அதுதான். ஒவ்வொன்றின் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது? நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் விண்ணப்பித்தால் தெரிந்துவிடும். தோட்டக் கம்பெனியின் பெயரிலேயே இருந்தால் நிலம் கைமாறும்போது வம்பு. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்க, தேசிய நிலச் சட்டம் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். அதை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். முழுத் தோட்டமும் ஒரே ஆளுக்குப் போனால் அந்தப் பிரிவு தடுக்காது. சுடுகாட்டுக்கு, அதே சட்டத்தின் 62-வது பிரிவில் பொதுத் தேவைக்கான ஒதுக்கீடாக அரசிதழில் வந்திருக்கிறதா என்று பார்.

நம் கோல கங்சார் மாவட்டத்துக்கு, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் வரைவு உள்ளூர்த் திட்டம் வெளியானால், பார்த்து ஆட்சேபம் சொல்ல சட்டப்படி குறைந்தது நான்கு வாரம் உண்டு. எழுத்தில் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் இருநூறு கையெழுத்து வாங்கி, நிலத்தின் லாட் நம்பரை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள். எந்த லாட், திட்டத்தில் எந்தப் பயன்பாடு, அதை எப்படி மாற்றக் கேட்கிறோம், இந்த மூன்றும் இல்லாத மனுவை வைத்துக்கொண்டு எந்த அதிகாரி என்ன செய்வார்? பெரட்டுத் தாளின் நகலைப் பின்னால் இணை, கோயில் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கூட்டத்தைச் சாயங்காலம் நான்கு மணிக்கு வை. இரவென்றால் பாட்டிமார்களைக் கூட்டிவர ஆள் இருக்காது. படங்களை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

அப்பா