பாப்பாவுக்கு, அல்சூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அத்தை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, போனில் விவரமாகச் சொல்கிறேன். நீதான் போனை எடுப்பதில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று தம்பியிடம் சொன்னாயாம். இன்னும் ஏதோ சொன்னாயாம். அவன் மென்று விழுங்கினான், நானும் தோண்டிக் கேட்கவில்லை.

போன வாரம் எங்கள் லைப்ரரிக்கு எம்.ஏ. படிக்கிற ஒரு பையன் வந்தான். உன் ஆராய்ச்சி விஷயம்தான், பெங்களூரின் 1898 பிளேக். கையில் துணைநூல் பட்டியல். ஆய்விதழின் பெயர், தொகுதி எண், பக்கம் எல்லாம் பக்காவாக இருந்தன. பைண்டு செய்த அந்தத் தொகுதியைப் பின்னறையிலிருந்து எடுத்துவந்து, தூசி தட்டி, அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி வேறு யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பக்கம் அது. பொருளடக்கத்தில் தேடினோம், அடுத்த தொகுதியிலும் தேடினோம். அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிய பட்டியல் என்று அப்புறம்தான் சொன்னான். இதழ் நிஜம், ஆசிரியர் நிஜம், கட்டுரை மட்டும் பொய். பெயர்கள் நிஜமாக இருப்பதால் சந்தேகமே வருவதில்லை.

அதே பட்டியலில் பி.எல்.ரைஸின் மைசூர் கெஜட்டியரும் (சமஸ்தானத்தைப் பற்றிய விவரத் தொகுப்பு) இருந்தது, பிளேக் சாவுக் கணக்குக்கு ஆதாரமாம். அதன் திருத்திய பதிப்பு வந்ததே 1897-ல். பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது 1898 ஆகஸ்டில். பாவம், மறுபதிப்பின் ஆண்டை மட்டும் பார்த்திருக்கிறான். புத்தகத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் புரட்டியிருந்தால் அந்த வரியை எழுதியே இருக்க மாட்டான்.

நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. கப்பன் பார்க் லைப்ரரியில் ஸ்கூல் யூனிஃபார்மோடு உட்கார்ந்து, புத்தகத்தின் பெயரை எழுதிவிட்டுத்தான் நோட்டில் அடுத்த வரி எழுதுவாய். அந்த நோட்டை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆனால் டெல்லிக்குப் போனதிலிருந்து உனக்கு எல்லாவற்றிலும் அவசரம். தீபாவளிக்கு வந்தபோது போனிலேயே பக்கங்களைப் படம் பிடித்து வைத்திருந்தாயே, எந்தப் படம் எந்தப் புத்தகம் என்று கேட்டதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அப்புறம் முடியாது பாப்பா. முதல் படம் முகப்புப் பக்கமாக இருக்கட்டும், இரண்டாவது அதன் பின்பக்கம், அதில்தான் பதிப்பு விவரம் இருக்கும். பக்க எண்ணை அப்போதே எழுதிவிடு. புத்தகம் எழுதியவர்கள் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடு, நோட்டில்கூடப் போடு. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எது உன் வரி, எது அவர்கள் வரி என்று உனக்கே தெரியாது. திருட நினைக்காத பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஒரு புத்தகத்துக்குள் இன்னொரு அறிக்கையின் வரி வந்தால், அந்த அறிக்கையை நீ பார்க்கவில்லையென்றால், எந்தப் புத்தகத்தின் வழியாகப் பார்த்தாய் என்று சொல்லிவிடு. அதில் ஒரு அவமானமும் இல்லை. பாட்டி சொன்ன பிளேக் அம்மன் கதையைச் சேர்க்கப்போவதாகச் சொன்னாயே, அதற்கும் அடிக்குறிப்பு வேண்டும். யார் சொன்னது, எங்கே, எந்தத் தேதியில் என்று. பாட்டி பெயர் ஒரு தீசிஸில் வரப்போகிறது என்று தெருவெல்லாம் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்தப் பையனுக்காக, எழுத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதியையும் எடுத்துப் படித்தேன். தீசிஸில் மற்றவர்கள் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள், அதிகபட்சம் ஆறு மாத அவகாசம். அதோடு முடிந்தது, படிப்பு போகாது. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோளும் துணைநூல் பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. திருத்தச் சொல்லிவிட்டால் குடி முழுகிப்போய்விடாது. யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். பக்க எண்ணை மட்டும் அப்போதே எழுதிவிடு.

டெல்லியில் கிடைக்காத புத்தகங்கள், சரிபார்க்க வேண்டிய குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக அனுப்பு. அடுத்த புதன்கிழமை லீவு சொல்லிவிட்டேன். காலையில் விதான சவுதாவில் ஆவணக் காப்பகம், மத்தியானம் கப்பன் பார்க். ஒவ்வொன்றையும் நானே பிரித்துப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். எந்த சாப்டர், எதற்காக என்றெல்லாம் எழுத வேண்டாம், பட்டியல் போதும். ஞாயிறு ராத்திரிக்குள் வரட்டும். பருப்புப் பொடியும் உன் கம்பளிச் சால்வையும் பார்சலில் வருகிறது. அம்மா இன்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவாள், எடு.

அன்புடன்,
அப்பா