காது கடன் கேட்டு ஒரு கடிதம்

சேலம்
நவம்பர் 26

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வந்தது. நடுவில் ஏதோ விமானம் இறங்கியதில் பாதி புரியவில்லை. பல்லாவரத்தில் வீடு வாங்காதே என்று அப்போதே சொன்னேன், கேட்டாயா? முட்டி வலி என்று நீ முனகியதும், "ஏற்காட்டுல இனி என்னடா இருக்கு, காருதானே?" என்று கேட்டதும் மட்டும் தெளிவாக விழுந்தன. போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கார் விஷயத்தில் நீ சொல்வது சரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்கிறது. வளைவுக்கு வளைவு குரங்குக் கூட்டம். கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டாலே கை நீட்டுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்ததில் இருந்து, இங்கேயும் வேண்டும் என்று டீக்கடையில் ஒரு கட்சி, பிழைப்பு போய்விடும் என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை போகிற கட்சி.

போன வாரம் அப்படித்தான் பேத்தியை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். ஏரிப் பக்கமே போகவில்லை. லூப் ரோட்டில் இறங்கி எஸ்டேட் ஓரமாக நடந்தோம். காப்பி பழுத்திருக்கிறது. இடுப்பில் பை கட்டிய பெண்கள் கிளையை வளைத்து, சிவந்ததை மட்டும் பார்த்துப் பறித்தார்கள். கேட்டு ஒரு பழம் வாங்கி பேத்தி வாயில் போட்டாள். மேல்தோல் லேசாக இனித்தது, உள்ளே வழவழ என்று இரண்டு கொட்டை. "காப்பி வாசனையே இல்லையே தாத்தா" என்று துப்பினாள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த கதையை ஆரம்பித்தேன். அவள் போனை எடுத்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மலைக்கு வந்தும் போனா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் அதை உள்ளங்கையில் ஏந்தி, மரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். மெர்லின் என்று ஒரு ஆப். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் செய்தது. பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

முதலில் குக்குறுவான் வந்தது. அதற்கு ஆப் எதற்கு, அது கத்துகிற கத்தலுக்கு! அப்புறம் சின்னான். அப்புறம் வெள்ளைக்கண்ணி என்று காட்டியது. நான் காதைத் தீட்டினேன். ஒன்றும் இல்லை. "இதோ கத்துது தாத்தா, சிலுசிலுன்னு." திரையில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப மஞ்சளாக மினுக்கியது. மிஷின் உளறுகிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கில் இருந்து பத்துப் பன்னிரண்டு குட்டிக் குட்டிப் பறவைகள், மஞ்சளும் பச்சையுமாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கொத்தாக இறங்கிக் காப்பிச்செடிக்குள் புகுந்தன. அலகு திறந்து மூடுவது தெரிகிறது நண்பா. சத்தம் மட்டும் எனக்கு வரவில்லை.

வயதானால் மெல்லிய கீச்சு ஒலிதான் முதலில் போகுமாம், காது டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். மலையிலேயே பாதி எனக்கு ஊமையாகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எத்தனை வருஷமாக என்றுகூடத் தெரியாது.

திரும்பி வரும்போது 1984 ஜூன் நினைவுக்கு வந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே போனோமே? மறுநாள் விடியற்காலை, கிளியூர் அருவிப் பக்கம் தூறலில் யாரோ ராகம் இழுத்து விசிலடிக்க, "யார்றா அவன், ஸ்கூலுக்குப் போகாம?" என்று நீ கத்தினாய். சீகாரப் பூங்குருவி. வெள்ளைக்காரனும் அதற்கு விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான் என்று பிறகு படித்துவிட்டு, நெய்வேலியில் இருந்த உனக்கு 15 பைசா கார்டில் எழுதிப் போட்டேன். அப்புறம் எத்தனை கார்டு! நீ அனல்மின் நிலையத்துக் குளத்தில் பார்த்த நாரையை எழுதுவாய், நான் இங்கே பார்த்ததை எழுதுவேன். உண்மையைச் சொன்னால், உனக்கு எழுத ஏதாவது வேண்டுமே என்றுதான் பல நாள் பார்த்தேன். கார்டு நின்றது, பார்ப்பதும் நின்றது. மலை என்னவோ வீட்டு வாசலில் இருந்து தெரிந்துகொண்டேதான் இருந்தது.

இன்னொன்று, உன் பல்லாவரத்துச் சேதி. 1863 மே மாதம் உங்கள் ஊரில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் வயதான காலத்தில் வந்து குடியிருந்தது ஏற்காட்டில். ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். சேர்த்த கல்லையெல்லாம் 1904இல் சென்னை மியூசியம் வாங்கிக்கொண்டது. அவர் மாமனார் பெர்சிவல் பாதிரியார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், 1882இல் காலமானதும் ஏற்காட்டில்தான். மாமனாரும் மருமகனும் ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கியிருக்கிறார்கள் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வா. 2015இல் இருந்து தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நான்கு நாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிய வேண்டும். உட்கார்ந்துகொண்டே செய்யலாம், உன் முட்டிக்கு ஒத்துவரும். பார்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்பதற்கு ஆள் வேண்டும். பேத்திக்கு அந்த வாரம் பரீட்சை. உன் காது இன்னும் ஒழுங்காக இருக்கிறது என்று உன் வீட்டில் சொன்னார்கள், கூப்பிட்டால்தான் திரும்புவதில்லையாம்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போடு, லோயர் பெர்த் கேள். தட்டுவடை செட் நான் வாங்கித் தருகிறேன். செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொண்டு வா. 84இல் இறக்கத்தில் பிரேக் தேய்ந்து போய், நீ காலை ஊன்றி நிறுத்திக் குதிகால் பிய்ந்த செருப்புக்கு, நான்தான் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பணமே இன்னும் வரவில்லை.

அன்புடன்,
உன் பழைய சைக்கிள் கூட்டாளி